எழுபத்து நாலாயிரம் வருஷத்துத் திருநீறு

எங்கள் பேராசிரியர் குளியலறையில் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் நான் மலேசியாவைப் பார்த்திருக்க மாட்டேன். அவர் காலில் மாவுக்கட்டு, என் கையில் பாஸ்போர்ட் என்று ஆனது. சேலத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் முப்பத்தோரு வருஷமாக ஆய்வுக்கூட உதவியாளராக இருக்கிறேன். பாறையைக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அதைத் திரையில் போட்டுப் பேசிச் சால்வை வாங்கிக்கொள்வது அவர் வேலை.

இந்த முறை அவர் பேசப்போவது டோபா எரிமலையைப் பற்றி. சுமத்ராவில் இன்று அழகான ஏரியாகக் கிடக்கும் அது, ஏறக்குறைய எழுபத்து நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் வெடித்தது. சாம்பல் கடல் தாண்டி மலேசியாவிலும் விழுந்தது, நம் ஆந்திரத்து ஆற்றங்கரையிலும் விழுந்தது. ஆந்திரச் சாம்பல் எங்களிடம் ஒரு புட்டி இருக்கிறது. பேராக் மாநிலத்துச் சாம்பலையும் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. “ஒரு சிட்டிகை போதும்ப்பா. ஆனா அந்தச் சிட்டிகை இல்லாம வந்துடாத,” என்று கட்டிலில் படுத்தபடி வழியனுப்பினார்.

பேராக்கின் தலைநகரான ஈப்போவில் என்னை அழைத்துப்போக வந்தவர் சரவணன். வாடகைக் கார் ஓட்டுகிறார், நாற்பது வயதிருக்கும். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, “அண்ணே, சாப்பிட்டாச்சா? மொதல்ல மக்கான், அப்புறந்தான் மத்ததுலா,” என்றார். மக்கான் என்றால் மலாயில் சாப்பாடு, ‘லா’ என்பது அந்த ஊர்ப் பேச்சின் வால். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பழைய சீனக் காப்பிக் கடை ஒன்றில் வெள்ளைக் காப்பி வாங்கித் தந்தார். பெயர்தான் வெள்ளை, நிறம் நம் ஊர்க் காப்பிதான். டபராவும் இல்லை, ஆற்றுவதும் இல்லை. ஆனால் முதல் வாயிலேயே நான் சேலத்துக்குத் துரோகம் செய்துவிட்டேன். பிறகு முளைப்பயறும் வேகவைத்த கோழியும். பயறு முளை ஒவ்வொன்றும் குட்டையாகக் கொழுகொழுவென்று இருந்தது. ஈப்போத் தண்ணீர் சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் இருந்து வருவதால்தான் முளை இப்படி ஆகிறது என்று கடைக்காரர் மலாயில் சொல்ல, சரவணன் மொழிபெயர்த்தார். பாறையைத் தேய்க்கும் எனக்கு இந்த விளக்கம் மிகவும் உவப்பாக இருந்தது. இன்னொரு தட்டு கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாம்பல் தேடி லெங்கோங் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். பாதி வழியில் காரின் குளிர்சாதனம் உயிரை விட்டது. அடுத்து, கைப்பேசி காட்டிய குறுக்கு வழி எங்களை ஒரு டுரியான் தோப்புக்குள் கொண்டுபோய் விட்டது. தோப்புக்காரர் கோபப்படவில்லை. இந்த மாதத்தில் நாங்கள் நாலாவது கார் என்றார். தலையில் ஹெல்மெட் போட்டிருந்தார். மேலே தொங்கும் முள் முள்ளான கனத்த பழங்களைப் பார்த்ததும் அதன் நியாயம் புரிந்தது. எங்கள் பக்கம் தென்னந்தோப்பில் கொஞ்சம் பார்த்து நடந்தால் போதும். இங்கே கும்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

ஒருவழியாக, சாம்பலுக்கு அடியில் கல்லாயுதப் பட்டறை கிடைத்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். நான் வந்த காரியத்தை சரவணன் எடுத்துச் சொன்னதும் அவர் முகம் வருத்தமானது. “பார்க்கலாம், படம் எடுக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். எடுத்துப்போக மட்டும் கூடாது. ஒரு சிட்டிகை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கொடுத்துக்கொண்டே இருந்தால் நான் எதைக் காவல் காப்பது?” என்றாராம். அவர் சொல்வது சரி. ஆனால் சரியான பேச்சைப் பொட்டலம் கட்டிப் பேராசிரியரிடம் கொடுக்க முடியாது.

திரும்பும் வழியில், மூட முடியாத ஜன்னல் வழியாக வெயிலும், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரிகளின் தூசியும் வந்துகொண்டிருந்தன. என் புலம்பல் தாங்காமல் சரவணன் பேச்சை மாற்றினார். “அந்த மல வெடிச்சதுக்கும் நமக்கும் என்னாண்ணே சம்மந்தம்?”

பேராசிரியரின் கட்சியைச் சொன்னேன். வெடிப்புக்குப் பிறகு வானம் மங்கி, குளிர் வந்து, மனித இனமே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. இருந்ததைப் பங்கு போட்டுக்கொள்ளவும் தூரத்தில் இருப்பவர்களோடு உறவு வைத்துக்கொள்ளவும் தெரிந்தவர்களே தப்பித்தார்கள். அந்தக் குணம்தான் நம்மை இன்றைய மனிதர்களாக்கியது என்பது அவர் வாதம். எதிர்க்கட்சியும் உண்டு. ஆந்திரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரி ஆயுதங்கள் கிடைக்கின்றன. எதுவுமே நடக்காத மாதிரி மனிதர்கள் வேலையைப் பார்த்திருக்கிறார்கள் என்கிறது அது. நான் எந்தப் பக்கமும் இல்லை. தேய்க்கிறவனுக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான்.

சரவணன் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, “இந்த வெள்ளச் சாம்பலுக்காகவாண்ணே இவ்ளோ கஷ்டப்படுறீங்க? எங்க தோட்டத்து ஆத்தோரம் நெறைய இருக்குலா. எங்க அக்கா வருஷா வருஷம் தோண்டுது. கோயிலுக்குத் திருநீறே அதுதான்,” என்றார்.

நான் காரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி என்ன செய்வது என்று தெரியாததால் மறுபடி ஓட்டச் சொன்னேன்.

அக்காவின் பெயர் பரமேஸ்வரி. எல்லோருக்கும் பரமு அக்கா. ஈப்போவின் புந்தோங் பகுதியில் கச்சாங் பூத்தே செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். கச்சாங் பூத்தே என்பது முறுக்கு, வறுகடலை, காராபூந்தி எல்லாம் சேர்ந்த கூட்டணி. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் அந்த ஊரில் எல்லோரையும் போல நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் எனக்கு ஒரு கை சுடச்சுட முறுக்கு கொடுத்தார், ஒரு கதையும் சொன்னார்.

அவர் பிறந்த ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஜனங்கள் ஈப்போவுக்கும் கமுந்திங்குக்கும் வேலைக்கு வந்துவிட்டார்கள். மாரியம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். திருவிழாவுக்கு எல்லோரும் போவார்கள். அதற்கு முன்னால் பரமு அக்கா ஆற்றங்கரை மேட்டில் வெள்ளைப் படலத்தைத் தோண்டி, காயவைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் நாலு தடவை சலித்து, பச்சைக் கற்பூரம் சேர்த்துத் திருநீறு ஆக்குவார். நெற்றிக்குக் கொஞ்சம், உடம்பு சரியில்லாதவர்களுக்கு வாயில் ஒரு சிட்டிகை. பன்னிரண்டு வருஷமாக அது அவர் பொறுப்பு.

“சலிச்சு முடிச்சதும் ஒரு மாசம் இருமுவேன்ணே. அது சீக்கு இல்ல. அம்மா தொண்டையில வந்து உக்காந்துக்குவா. யாரு சலிச்சாலும் வருவா. அதான் அது நெசத் திருநீறுங்கறதுக்கு அத்தாச்சி,” என்றார். சொல்லும்போதே வறட்டு இருமல் ஒன்று வந்தது. நான் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தேன்.

பிரச்சினை வேறொன்று. கோயில் கமிட்டித் தலைவர் குமரேசன் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அந்த வெள்ளை மண் பழைய வெள்ளீயச் சுரங்கத்துக் கழிவு, விஷம், இனிமேல் கடைப் பாக்கெட் திருநீறுதான் என்று இரண்டு வருஷமாகச் சண்டை பிடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகும். “கழிவுன்னு ஆயிட்டா, பன்னெண்டு வருஷமா நான் சனங்க வாயில குப்பையவா போட்டேன்? நீங்க மண்ணு படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்கண்ணே,” என்றார் பரமு அக்கா. நான் படித்தவன் இல்லை, தேய்ப்பவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை மூவரும் தோட்டத்துக்குப் போனோம். செம்பனைக்குள் வரிசை தப்பாமல் நடந்து, மழையில் நனைந்து, என் காலில் இரண்டு அட்டைகள் விருந்துண்ட பிறகு மேடு வந்தது. செம்மண்ணுக்கு நடுவில் முழங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மாவு போல இருந்தது, ஆனால் நறநறவென்றது. இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன். அம்மனிடம் கேட்டுக்கொண்டு பரமு அக்காவே ஒரு டப்பாவில் அள்ளித் தந்தார்.

நுண்ணோக்கிக்கு சரவணன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அவர் அடிக்கடி சவாரி ஏற்றும் டாக்டர் நளாயினி, யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், ஈப்போவில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறார். சனிக்கிழமை மதியம் கூடத்தைத் திறந்துவிட்டார். பரமு அக்கா வீட்டில் சமையல் இருக்கிறது என்று போய்விட்டார். நான் ஒரு துளித் தண்ணீரில் சாம்பலைத் தூவி, தகட்டை வைத்துக் கண்ணைப் பொருத்தினேன்.

சுரங்கக் கழிவே இல்லை. உடைந்த வளையல் துண்டு போல வளைந்தவை, மூன்று கால் முளைத்தவை, சோப்புக் குமிழி உடைந்த ஓரங்கள் போன்றவை. எல்லாம் பளிங்காக மின்னின. எரிமலை வாயில் நுரைத்துத் தெறித்துக் குளிர்ந்த துகள்கள். கையோடு கொண்டுபோயிருந்த ஆந்திரத் தகட்டையும் வைத்துப் பார்த்தேன். அண்ணன் தம்பிதான். வேதிப் பரிசோதனை செய்யாமல் டோபா என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் முப்பத்தோரு வருஷக் கண்ணுக்குச் சந்தேகம் இல்லை. மகிழ்ச்சியில் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. “இது கண்ணாடி எல்லோ? இதை ஆர் சலிக்கிறது? மூக்குக்குத் துணி கட்டுறவவோ?” என்றார். பரமு அக்காவைப் பற்றிச் சொன்னேன், இருமலையும் சொன்னேன். “ஒரு சிட்டிகை வயித்துக்குள்ள போனா ஒண்டும் செய்யாது. வருஷா வருஷம் மூச்சில இழுத்தா நெஞ்சுக்குக் கூடாது. நான் சொன்னா, டாக்டர்மார் எப்பவும் பயப்படுத்துறவை எண்டு சிரிப்பா. நீங்கள் சொல்லுங்கோ. ஒரு எக்ஸ்ரேயும் எடுக்க வேணும்.”

எனக்கும் அது தெரியாததல்ல. சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிறது. அங்கே கல் அரைக்கும் ஆலையில் என் தாய்மாமா வேலை பார்த்தார். அவருடைய இருமலையும் வீட்டில் எல்லோரும் பீடி இருமல் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் பீடி பிடித்ததே இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

இவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நேராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போனேன், சாப்பிட்டேன். பரமு அக்கா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். சம்பல், அப்பளம், பக்கத்து ஊரான தம்புனில் இருந்து வந்த பம்ளிமாஸ் பழச் சுளைகள் வேறு. “கழிவு இல்ல அக்கா, பழைய எரிமலைச் சாம்பல்,” என்று பாதியை மட்டும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வேறு வேலையில் இருந்தது. நாலாவது நண்டில் வயிறு பிடித்துக்கொண்டது.

நான் நெளிவதைப் பார்த்த பரமு அக்கா உள்ளே போய்த் திருநீற்றுச் சம்புடத்தை எடுத்து வந்தார். “வாயத் தொறங்கண்ணே.” கண்ணாடி என்று தெரியும். பத்து மடங்கு, நாற்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்த கண்ணாடி. நான் வாயைத் திறந்தேன், விழுங்கினேன். இதுவரை என் வாழ்க்கையில் செய்த கோழைத்தனங்களில் பல்லில் நறநறத்தது இது ஒன்றுதான்.

ஞாயிறு காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போனேன். பரமு அக்கா முற்றத்தில் சல்லடையை எடுத்து வைத்திருந்தார். கூட்டத்துக்குப் புதுத் திருநீறு கொண்டுபோக வேண்டுமாம். நான் சல்லடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடி, தூசி, நெஞ்சு, என் தாய்மாமா, எல்லாம். இருமல் அம்மன் இல்லை என்பதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

அவர் சல்லடையின் மறு ஓரத்தைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “நேத்தே தெரியுமா?” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா முழுங்குனீங்க?”

“நீங்க குடுத்தீங்க. அதான்.”

“ரொம்பத் தப்புண்ணே,” என்றார். உடனே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் அவரே சல்லடையை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். “இதே மாதிரிதான் எல்லாரும் முழுங்கியிருப்பாங்க. நான் குடுத்தேன்னு. இன்னிக்கு நானே எந்திரிச்சுச் சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்.”

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அங்கேதான் வேடிக்கை. எரிமலைச் சாம்பல், எழுபத்து நாலாயிரம் வருஷம் என்று நான் சொன்னதும் பாக்கெட் கட்சித் தலைவர் குமரேசன் கட்சி மாறிவிட்டார். “அப்பிடியாண்ணே? இத போர்டு எழுதி வெச்சா வெளியூர்க்காரங்கல்லாம் வருவாங்கலா. இத விட்டுட்டு எவனாவது பாக்கெட்டு வாங்குவானா?” என்றார். அப்போது பரமு அக்கா எழுந்து, “வேணாம். இது கண்ணாடி. பன்னெண்டு வருஷமா சலிச்சவ நான் சொல்றேன், பாக்கெட்டே வாங்குங்க,” என்றார். இரண்டு பேரும் இரண்டு வருஷமாகப் போட்ட சண்டையை அப்படியே பக்கம் மாற்றிப் போட்டார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் யார் எந்தப் பக்கம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு முறை கேட்டார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் கூடத்தில் தூள்களை நாங்கள் உலரச் சலிப்பதில்லை. ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, சாம்பலைப் போட்டுக் கலக்கி, கரடு அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் விட்டால் அடியில் சந்தனம் போல நைசாகப் படியும். தூசி பறக்காது. “அரிசி மாவு தெளிய வெக்கிற மாதிரிதான்,” என்று ஒரு பெண் சொன்னதும் அறிவியல் முடிந்தது. ஈரமாகவே குழைத்து நெற்றிக்கு மட்டும். தோண்டும்போது முகத்துக்குத் துணி. வாய்க்குத் துளசித் தண்ணீர். கை தூக்கினார்கள், ஒருமனதாக நிறைவேறியது. கோயில் பக்கமே போகாத என் நெற்றியில்தான் முதல் பூச்சு விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

திங்கள் காலை எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நெஞ்சு இப்போதைக்குச் சுத்தம், இனிமேல் தூசி கூடாது என்று டாக்டர் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. பரமு அக்கா, “என்னண்ணே, எனக்குத்தானே படம் எடுத்தாங்க,” என்று முதுகில் தட்டினார்.

பேருந்து நிலையத்துக்கு அக்காவும் தம்பியும் வந்தார்கள். ஒரு மூட்டை கச்சாங் பூத்தே, பொட்டலத்தில் ஒரு சிட்டிகைச் சாம்பல். பேராசிரியர் பிழைத்தார். பேருந்து தாமதம் என்று அறிவித்தார்கள். காத்திருக்கும்போது பரமு அக்கா கேட்டார்.

“அந்தச் சாம்பல் விழுந்தப்ப இங்க ஆளுங்க இருந்தாங்கன்னு தம்பிகிட்ட சொன்னீங்களாமே. அவங்கல்லாம் என்னாண்ணே ஆனாங்க?”

“செத்துப்போயிட்டாங்கன்னு எங்க பேராசிரியர் சொல்றார்.”

“அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“லெங்கோங்ல கல்லு ஆயுதமெல்லாம் பாதி செஞ்சபடி அப்படியே கிடக்கு. அடிக்கிற கல்லு ஒரு பக்கம், செதுக்கினது ஒரு பக்கம். திரும்பி வந்து யாரும் எடுக்கல. அத வெச்சுச் சொல்றார்.”

பரமு அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “தோட்டத்த வித்தப்ப நாங்களும் அப்பிடித்தான்ணே. பால்மரம் சீவுற கத்திய மரத்துலயே சொருவிட்டு, பால் புடிக்கிற மங்குக் கிண்ணத்த அங்கங்கயே கவுத்துப் போட்டுட்டு லோரி ஏறுனோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் போயி எடுக்கல. டவுன்ல அத வெச்சு என்ன பண்றது?”

பேருந்து வந்தது. நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கண்ணாடியைத் தட்டினார்.

“ஒங்க பேராசிரியர்கிட்ட மறக்காமச் சொல்லுங்கண்ணே. கத்தி அங்கதான் கெடக்கு. நாங்க புந்தோங்ல இருக்கோம்.”